ஸூமில தாலி கட்டினால் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யலாமோ?

வல்லைவெளி எழுதியது:

வணக்கம் உறவுகளே. கொஞ்சம் நீட்டா எழுதப்போறன், குறை நினையாதேங்கோ. முழுக்கச் சொல்லாமல் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

நான் இருக்கிறது ஸ்காபரோவில. 2019இல வந்து அகதிக் கோரிக்கை வைச்சனான். 2021 மாசியில வழக்கு வெண்டது, 2023 கார்த்திகையில பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கையில வந்தது. பாண் போடுற தொழிற்சாலை ஒண்டில இரவு வேலை. சொந்த ஊர் வடமராட்சி.

அம்மாவும் பெரியக்காவும் பாத்த சம்பந்தம். பொருத்தம் பாத்து, படம் அனுப்பி, பிறகு நாங்கள் ரெண்டு பேரும் கதைக்கத் தொடங்கி ஒன்றரை வருசம். எனக்கு வேலை முடியிறது காலமை 7 மணி. அங்க அப்ப பின்னேரம் நாலரை. அவ ரீச்சர், பள்ளிக்கூடத்தால வந்து தேத்தண்ணியோட இருக்கிற நேரம். நான் பஸ்ஸில ஏறினதில இருந்து வீட்டுக் கதவு திறக்கும் மட்டும் கதைப்பம். ஒரு நாளும் விட்டதில்லை. பனி கொட்டி பஸ் ஓடாத நாளில நடந்துகொண்டே கதைச்சனான்.

மாமாவுக்கு (பெண்ணின்ர தகப்பன்) ரெண்டு சிறுநீரகமும் வேலை செய்யேல்லை. கிழமைக்கு ரெண்டு தரம் யாழ்ப்பாணம் கொண்டுபோய் ரத்தம் சுத்திகரிக்கினம். அவர் வேற ஒண்டும் கேக்கேல்லை. "என்ர கண் திறந்திருக்கேக்க பிள்ளையின்ர கழுத்தில தாலியைப் பாத்திட வேணும் தம்பி" எண்டு மட்டும் சொன்னார். அந்த வோய்ஸ் மெசேச்சை நான் இன்னும் அழிக்கேல்லை.

நான் ஊருக்குப் போகேலாது. அகதியா ஏத்துக்கொள்ளப்பட்ட ஆள், திரும்ப இலங்கைக்குப் போனால் பிஆரே பறிபோகும் எண்டு என்ர வழக்கைச் செய்த லோயர் அப்பவே சொல்லிவிட்டவ.

இந்த நேரத்தில, கலியாண, விசா அலுவல் பாக்கிற ஒருத்தர் ரெண்டு வழி சொல்லுறார். ஒண்டு, ஆவணியில நாள் வைச்சு அங்க கோயில்ல கலியாணம். நான் இஞ்ச ஸூமில இருக்க, என்ர தங்கச்சி எனக்குப் பதிலா தாலி கட்டுறது. மற்றது, அமெரிக்காவில யூட்டா எண்ட மாநிலத்தில ஒன்லைனில கலியாணம் எழுதித் தருவினமாம். ரெண்டு பேரும் அமெரிக்காவுக்கே போகத் தேவையில்லை. "அமெரிக்க அரசாங்க முத்திரை குத்தின சேர்ட்டிபிகேற், கனடா அதை மறுக்கேலாது" எண்டு சொல்லி 1,800 டொலர் கேக்கிறார். அடுத்த மாசமே ஸ்பொன்சர் ஃபைல் போடலாமாம்.

இதை ஆராவது செய்து பாத்தனீங்களோ? பொய்க் கலியாணம் இல்லை இது. ஒருத்தரை ஒருத்தர் விரும்பித்தான் செய்யிறம். அப்பிடியெண்டால் எப்பிடிச் செய்தால் என்ன எண்டு என்ர மனம் சொல்லுது. பெண் மட்டும் "அவசரப்படாதேங்கோ, கேட்டுப்போட்டுச் செய்வம்" எண்டு சொன்னா. அதுதான் கேக்கிறன்.

*

பனைமரக்காடு எழுதியது:

செய்யலாம் தம்பி, பயப்பிடாதேங்கோ. எங்கட சித்தப்பா 2009இல இப்பிடித்தான். அவர் மொன்றியலில, சித்தி சாவகச்சேரியில. போனிலதான் எல்லாம். சித்தி வந்து இப்ப மூண்டு பிள்ளையள். உண்மையான கலியாணம் எண்டு காட்டினால் காணும். படங்கள், போன் பில், காசு அனுப்பின துண்டுகள் எல்லாத்தையும் சேர்த்து வையுங்கோ.

*

கோப்பாய்க்காரி எழுதியது:

தம்பி, இதைச் செய்யாதேங்கோ. மேல எழுதின அண்ணா நல்ல மனதோடதான் எழுதியிருக்கிறார், ஆனால் அவர் சொல்லுற காலம் வேற. 2009இல அது சரி. கலியாணம் நடந்த நாட்டில அது சட்டப்படி செல்லும் எண்டால் கனடாவும் ஏற்றுக்கொண்டது. 2015 ஆனி 11ஆம் திகதியோட அந்தக் கதவு பூட்டியாச்சு. அண்டைக்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில, கலியாணம் நடக்கிற நேரத்தில ரெண்டு பேரும் ஒரே இடத்தில உடம்போட நிண்டிருக்க வேணும். ஆள் வைச்சுச் செய்தது, போனில செய்தது, பக்ஸில செய்தது, இன்ரநெற்றில செய்தது எல்லாம் தள்ளுபடி. கனடா இராணுவத்தில வேலை செய்யிறதால வர முடியாமல் போனவைக்கு மட்டும்தான் விலக்கு. விருப்பமில்லாத பிள்ளையளைப் போனிலயே கட்டிக்குடுத்து அனுப்புறதைத் தடுக்கக் கொண்டுவந்த விதி எண்டு சொல்லுகினம். அதில எங்களை மாதிரி விரும்பிச் செய்த ஆக்களும் அகப்பட்டுப்போனம்.

இது எனக்குத் தெரியிறது வாசிச்சு இல்லை. 2016 வைகாசியில உங்கட பெண் இருக்கிற இடத்தில நான் இருந்தனான்.

என்ர அவரும் உங்களை மாதிரி அகதியாப் போனவர். ஊருக்கு வரேலாது. எங்களுக்கும் ஒருத்தர் வழி சொன்னார். முகூர்த்தம் காலமை 10 மணி. மணவறையில எனக்குப் பக்கத்தில ஒரு ஸ்ரூல், ஸ்ரூலுக்குப் பட்டுச்சால்வை, அதுக்கு மேல லாப்டொப். ஐயர் கமெராவைப் பாத்து மந்திரம் சொன்னார். மச்சாள் தாலி கட்டினா. ரெண்டு தரம் லைன் வெட்டுப்பட்டது. நாதஸ்வரக்காரர் நிப்பாட்டி, திரும்ப வாசிச்சவை. அவருக்கு அங்க இரவு பன்ரெண்டரை. வாடகை அறையில வேட்டி சால்வையோட தனிய இருந்தவர். அவருக்கு அட்சதை போட ஒரு ஆள் இல்லை எண்டு, கூட இருந்த பொடியன் நித்திரையால எழும்பி வந்து ஒரு பிடி அரிசி போட்டவன். அந்தப் பொடியனை நான் இண்டைக்கும் எங்கட வீட்டு விசேசம் எல்லாத்துக்கும் கூப்பிடுவன்.

150 பேர் சாப்பிட்டவை. கூறை, பொன்னுருக்கு, கன்னிக்கால், ஒண்டும் குறையேல்லை. ஊருக்கு நான் கலியாணம் கட்டினவள். அடுத்த வருசம் கனடாவில இருந்து வந்த கடிதத்துக்கு நான் ஆரும் இல்லை.

அந்தக் கடிதத்தை நல்லா விளங்கிக்கொள்ளுங்கோ, ஏனெண்டால் உங்கட மனம் சொல்லுற நியாயத்துக்குப் பதில் அதிலதான் இருக்கு. அதிகாரி எங்கட உறவைப் பொய் எண்டு சொல்லேல்லை. உண்மையோ பொய்யோ எண்ட கேள்விக்கே அவர் வரேல்லை. விசாவுக்காகக் கட்டின கலியாணமோ எண்டு பாக்கிறது ஒரு விதி. கட்டேக்க ரெண்டு பேரும் ஒண்டா நிண்டவையோ எண்டு பாக்கிறது வேற விதி. இந்த ரெண்டாவதில விழுந்தால் முதலாவதுக்கு நீங்கள் சேர்த்து வைச்ச 400 படமும் போன் பில்லும் திறந்துகூடப் பாக்கப்படாது. "நீங்கள் குடும்ப வகுப்பைச் (குடும்ப உறவா ஸ்பொன்சர் செய்யக்கூடிய ஆக்களின்ர பிரிவு) சேர்ந்தவர் அல்ல" எண்டு ஒரு வரி. அவ்வளவுதான்.

30 நாளுக்குள்ள அப்பீல் போட்டம். வேற மறுப்பெண்டால் அப்பீல் இடத்தில மனிதாபிமானக் காரணம் சொல்லலாம். ஆனால் குடும்ப வகுப்பிலயே இல்லாத ஆளுக்கு அந்தக் காரணத்தைக் கேக்க அவைக்கு அதிகாரமே இல்லை எண்டு சட்டத்தில இருக்கு. லோயர் எங்களுக்கு முன்னால புத்தகத்தை விரிச்சுக் காட்டினவர். "இதுக்குக் காசு சிலவழிக்காதேங்கோ, நேர போய்க் கட்டுங்கோ" எண்டு அவரே சொன்னவர். நல்ல மனுசன்.

யூட்டாக் கதையைக் கேக்க எனக்குக் கோவம்தான் வருது. முத்திரை ஆற்றை எண்டது பிரச்சினை இல்லை. கனடா கேக்கிறது "நீங்கள் ரெண்டு பேரும் எங்க நிண்டனீங்கள்" எண்டு. அதோட அதில இன்னொரு பொறி இருக்கு, அதை உங்கட ஆள் சொல்லியிருக்கமாட்டார். எங்களுக்கு நடந்தது கோயில் சடங்கு மட்டும், எழுத்து (கலியாணப் பதிவு) எழுதேல்லை. இலங்கையில எழுத்துக்கு ரெண்டு பேரும் பதிவாளருக்கு முன்னால கையெழுத்து வைக்க வேணும், அதால எழுதேலாமல் போனது. அது கடைசியில எங்களைக் காப்பாத்தினது. யூட்டாவில எழுதினால் நீங்கள் சட்டப்படி கலியாணம் ஆன ஆள். பிறகு நேர சந்திச்சு ஒழுங்கா எழுதப் போகேக்க "விவாகமாகாதவர்" எண்ட பத்திரத்தில ரெண்டு பேரும் என்னெண்டு கையெழுத்து வைப்பியள்? வைச்சால் பொய். வைக்காட்டில் எழுத மாட்டினம். 1,800 டொலர் குடுத்து இந்த முடிச்சை வாங்காதேங்கோ.

நாங்கள் என்ன செய்தம் எண்டதையும் சொல்லுறன். எங்கட ஆக்கள் கனகாலமாச் செய்யிறதுதான்: இந்தியாவில சந்திக்கிறது. அவர் கனடா குடுக்கிற அகதிப் பயணப் புத்தகம் எடுத்தார். அதில இலங்கையைத் தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம். இந்தியாவின்ர ஈ-விசா பாஸ்போட் வைச்சிருக்கிற ஆக்களுக்கு மட்டும்தான், பயணப் புத்தகத்துக்கு இல்லை. தூதரகத்துக்கு விண்ணப்பம் குடுத்துக் காத்திருக்க வேணும். அவருக்கு மாசக்கணக்கில இழுத்தது, அதால முதல் அந்த விசாவைக் கையில எடுங்கோ, பிறகு நாள் வையுங்கோ. நாங்கள் முதல் வைச்ச நாள் விசா வராமல் தவறிப்போய், மண்டபக் காசும் போனது.

ஒரு காரணத்துக்காகவும் இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பிக்காதேங்கோ. "இந்தியாவுக்குத்தானே போறன், ஊருக்கு இல்லையே" எண்டு சிலர் எடுக்கினம். அந்த நாட்டின்ர பாஸ்போட்டை எடுத்தாலே அந்த நாட்டின்ர பாதுகாப்பைத் திரும்பத் தேடினதா எடுத்துக்கொள்ளுவினம். 2012 மார்கழியில சட்டம் மாறினதில இருந்து, அப்பிடி அகதி நிலை போனால் பிஆரும் சேர்ந்து போகும். உங்கட லோயர் சொன்னது முழுக்கச் சரி.

2018 தையில திருச்சியில சந்திச்சம். விமான நிலையத்தில அவரை முதல் முதல் நேர பாக்கேக்க, ஸ்கைப்பில பாத்ததை விட உயரம் குறைவு. அவர் என்ர பெட்டியை வாங்கினார், ஒண்டும் கதைக்கேல்லை. ரெண்டு பேருக்கும் கதை வரேல்லை. சின்னக் கோயில் ஒண்டில 22 பேரோட தாலி கட்டினவர். பிறகு பதிவு. 26 நாள் ஒண்டா இருந்தம். திரும்பிப் போய்ப் புதுசா ஃபைல் போட்டு, 2019 ஐப்பசியில நான் ரொறொன்ரோவில வந்து இறங்கினன். முதல் தாலி கட்டினதில இருந்து 3 வருசமும் 5 மாசமும்.

ரெண்டாவது விண்ணப்பத்தில முதல் சடங்கை மறைக்கேல்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதி, ரெண்டு அல்பத்தில இருந்தும் படம் வைச்சம். முதல் ஃபைலைச் செய்த ஆள் "அவர் நேர வந்தவர் எண்டு எழுதுவம்" எண்டு கேட்டதும் உண்டு. என்ர அவர் மாட்டன் எண்டிட்டார். எழுதியிருந்தால் பாஸ்போட்டில வந்துபோன முத்திரை எங்க எண்டு கேப்பினம். பொய் பிடிபட்டால் 5 வருசத்துக்கு விண்ணப்பமே போடேலாது.

மாமாவின்ர ஆசைக்கு நான் என்ன சொல்ல. என்ர அப்பா திருச்சிக்கு வரேலாமல் போனவர். அந்த லாப்டொப் கலியாணம்தான் அவர் கண்ட கலியாணம். அதால உங்கட மனம் எனக்கு விளங்குது. ஆவணியில சம்பந்தக் கலப்பை வீடியோவில வடிவாச் செய்யுங்கோ. மோதிரம் போடுங்கோ, மாமாவை நடுவில இருத்திப் படம் எடுங்கோ. அது உறவுக்கு நல்ல சாட்சியும்தான். தாலியும் எழுத்தும் மட்டும் நீங்கள் பக்கத்தில நிக்கிற நாளுக்கு விடுங்கோ.

*

கொங்குநாட்டான் எழுதியது:

நண்பர் யூட்டா பத்திக் கேட்டதால எழுதறேன். எனக்குக் கோயம்புத்தூர், இப்ப டெக்சாஸ்ல இருக்கேன். நான் அதே யூட்டா கல்யாணம் பண்ணவன்தான். ஆனா என்னுது அமெரிக்க விசா, அதனால வேற சட்டம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

2021ல கொரோனா. ஊருக்குப் போனா திரும்பி வர முடியுமான்னு தெரியாத நேரம், விசா ஸ்டாம்ப்பிங்குக்குத் தேதியே கிடைக்கல. யூட்டா கவுண்டி அலுவலகம் 2020ல இருந்தே காணொளில கல்யாணம் பண்ணி வெச்சுது. அதிகாரி அங்க உக்காந்திருப்பாங்க, ரெண்டு சாட்சி வேணும், மாப்பிள்ளையும் பொண்ணும் எந்த நாட்டுல இருந்தாலும் சரி. சான்றிதழ் உண்மையான சான்றிதழ்தான், அதுல சந்தேகமே இல்ல.

ஆனா அத வெச்சு உடனே மனைவியக் கூப்பிட முடியாது. அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்துல 'கணவன், மனைவி'ங்கற சொல்லுக்கே ஒரு வரையறை இருக்கு. சடங்கு நடக்கறப்ப ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நேர்ல இல்லைன்னா, அதுக்கப்புறம் தாம்பத்தியம் நடந்திருக்கணும், இல்லைன்னா அவங்க கணவன் மனைவி இல்ல. இது 1952 சட்டத்துல இருந்தே இருக்கு, காணொளிக்காக வந்ததில்ல. சடங்குக்கு முன்னாடி எத்தன தடவ சந்திச்சிருந்தாலும் கணக்குல வராது.

நான் 2022ல ஊருக்குப் போனேன். பெரியவங்க ஆசைப்படி முறையா கல்யாணம் நடந்துது. குன்னூர்ல நாலு நாள் இருந்தோம். அந்த ஓட்டல் பில், பாஸ்போர்ட் முத்திரை, பஸ் டிக்கெட் எல்லாத்தையும் அம்மணி ஒரு கவர்ல போட்டு வெச்சிருந்தா. நேர்காணல்ல "யூட்டா கல்யாணத்துக்கப்புறம் எப்ப சந்திச்சீங்க"ன்னு கேட்டாங்க, அந்தக் கவரக் குடுத்தா. ஒரு பொண்ணு கண்ணாடித் தடுப்புக்கு முன்னாடி நின்னு இதுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்குன்னு நெனச்சா எனக்கு இன்னும் மனசு கஷ்டமா இருக்கு.

அதனால அமெரிக்காவுக்கே அந்தத் தாள் மட்டும் பத்தல. கனடாவுல அப்புறமா சேந்து வாழ்ந்தாலும் அந்தக் கல்யாணம் எடுபடாதுன்னு அக்கா சொல்றாங்க. அப்ப உங்க ஆள் சொல்ற "அமெரிக்க முத்திரை"ய நம்பாதீங்க.

*

வைகைக்கரை எழுதியது:

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். இந்தியா பக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காணொளித் திருமணம் பற்றி எங்கள் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று 2022 ஜூலையில் வந்தது. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் மதுரைக் கிளையில் வழங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண், அமெரிக்காவில் இருந்த மாப்பிள்ளை. சிறப்புத் திருமணச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, இருவரும் நேரில் ஆஜராகியும் அலுவலகத்தில் காரியம் நடக்கவில்லை. மாப்பிள்ளை விடுப்பு முடிந்து திரும்பிவிட்டார். மூன்று சாட்சிகள் முன்னிலையில் காணொளி வழியாக மணம் முடித்துவைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. இதைக் காட்டி "இந்தியாவில் ஆன்லைன் கல்யாணம் செல்லும்" என்று தரகர்கள் சொல்வது என் காதுக்கும் வருகிறது. அந்த வழக்கின் சூழலில் அந்த மனுதாரருக்குக் கிடைத்த உத்தரவு அது. தவிரவும், இந்தியச் சட்டப்படி செல்லும் திருமணமாகவே இருந்தாலும், உடல் அளவில் இருவரும் ஒரே இடத்தில் இல்லை என்றால் கனடா விதி அதை ஏற்காது என்று மேலே சகோதரி விளக்கிவிட்டார்.

இன்னொரு எச்சரிக்கை. "இப்போதைக்குப் பதிவு மட்டும் செய்து சான்றிதழ் வாங்கிக்கொள்வோம், கல்யாணத்தைப் பிறகு வைத்துக்கொள்வோம்" என்று பலர் விசாவுக்காகச் செய்கிறார்கள். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விமானிகளான ஒரு தம்பதியின் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடக்காமல் வாங்கிய சான்றிதழ் மட்டும் திருமணம் ஆகாது. வெளிநாட்டு விசாவுக்காக இப்படிப் பதிவு செய்துகொள்ளும் வழக்கத்தை நீதிபதி நாகரத்னா அமர்வு பெயர் சொல்லியே கண்டித்தது.

ஆகவே திருச்சிக்கு வந்தால் சடங்கை முழுமையாக நடத்துங்கள். தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தின்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணமும் செல்லும். ஆனால் அதற்கும் இருவரும் அங்கே இருக்க வேண்டும். பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டம் என்றால் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், அதன் பிறகு 30 நாள் அறிவிப்பு. குறுகிய விடுப்பில் வருபவருக்கு அது ஒத்துவராது. எந்தப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்யப்போகிறீர்களோ, அங்கே இலங்கைப் பெண்ணுக்கும் பயணப் புத்தகம் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்கும் என்னென்ன தாள்கள் கேட்பார்கள் என்று முன்கூட்டியே ஓர் ஆளை நேரில் அனுப்பி விசாரித்துக்கொள்ளுங்கள்.

*

வல்லைவெளி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதினதை நேற்று வேலை இடைவேளையில வாசிச்சன். அந்தப் பொடியன் ஒரு பிடி அரிசி போட்ட இடத்தில போனை மூடி வைச்சிட்டு வெளியில போய் நிண்டனான். காலமை பஸ்ஸில அவவுக்கு முழுக்க வாசிச்சுக் காட்டினன். அவ கன நேரம் கதைக்கேல்லை. பிறகு "நான் சொன்னனான்தானே" எண்டு சொல்லாமல், "திருச்சிக்குப் போவம்" எண்டு சொன்னா.

அந்த ஆளுக்கு வேண்டாம் எண்டு சொல்லிட்டன். முற்பணம் 300 குடுத்தது திரும்பி வராது போல. போகட்டும்.

அக்கா, இன்னொண்டு கேக்க வேணும். சிற்றிசன் எடுக்கும் மட்டும் பொறுத்தால் ஊருக்கே போய்க் கட்டலாம் எண்டு ஒரு நண்பன் சொல்லுறான். எனக்கு அது எப்ப வரும்?

*

கோப்பாய்க்காரி எழுதியது:

கணக்குச் சொல்லுறன் தம்பி. விண்ணப்பிக்க முந்தின 5 வருசத்துக்குள்ள 1,095 நாள் கனடாவில இருந்திருக்க வேணும். உங்கட வழக்கு வெண்ட நாளில இருந்து பிஆர் கிடைச்ச நாள் மட்டும், ஒரு நாளுக்கு அரை நாள் கணக்கு, ஆனால் கூடினது 365தான் தருவினம். உங்களுக்கு அந்த 365 முழுக்க இருக்கு. மிச்சம் 730 நாள் பிஆரோட இருக்க வேணும். அப்ப 2025 கார்த்திகையில இருந்து விண்ணப்பிக்கலாம். திருச்சியில நிக்கிற நாளைக் கழிச்சுப்போடுங்கோ. பிறகு சோதினை, சத்தியப்பிரமாணம். அதுவும் மாசக்கணக்கு. சிற்றிசன் ஆன ஆளுக்கு அகதி நிலை பறிபோகிற கதை இல்லை, உண்மை. ஆனால் மாமா அவ்வளவு காலம் பொறுப்பாரோ எண்டது உங்களுக்குத்தான் தெரியும்.

நானெண்டால் ரெண்டையும் ஒண்டாச் செய்வன். இந்திய விசாவுக்கு இப்பவே குடுங்கோ. வரட்டும். வந்தால் திருச்சி. அதுக்குள்ள சிற்றிசன் முந்தினால் ஊர். ஸ்பொன்சருக்குப் பெரிய சம்பளம் காட்டத் தேவையில்லை, அரசாங்க உதவிக்காசில இல்லாமல் இருந்தால் காணும், உங்களுக்கு வேலை இருக்கு. பிஆரோட இருக்கிற ஆள் ஸ்பொன்சர் செய்யேக்க கனடாவிலதான் இருக்க வேணும், அதால கலியாணம் முடிஞ்சு கனகாலம் அங்க நிக்காதேங்கோ.

*

வல்லைவெளி எழுதியது:

அக்கா, பயணப் புத்தகத்துக்கு இண்டைக்குப் படம் எடுத்தாச்சு. சிரிக்கக் கூடாது எண்டு ரெண்டு தரம் திருப்பி எடுத்தவர்.

மாமாவோட நான்தான் கதைச்சன். அவவைச் சொல்ல விடேல்லை. ஆவணியில தாலி இல்லை, மோதிரம் மட்டும் எண்டு சொன்னன். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு கேட்டார், "திருச்சியெண்டால் பலாலியால நேர விமானம் போகுதாம், ஒரு மணித்தியாலம்தானாம். என்னைக் கூட்டிக்கொண்டு போகேலாதோ?" எண்டு. நான் அவர் வருவார் எண்டு நினைச்சே பாக்கேல்லை.

அவருக்கு செவ்வாயும் வெள்ளியும் சுத்திகரிப்பு. வெள்ளி முடிச்சுச் சனி வந்து, ஞாயிறு முகூர்த்தம், திங்கள் திரும்பினால் செவ்வாய்க்கு யாழ்ப்பாணம். டொக்டரிட்டக் கேட்டுப்போட்டுத்தான். ஆனால் பதிவு அலுவலகம் ஞாயிறு பூட்டு, அவர் போன பிறகுதான் பதிவுக்குப் போகலாம், அது பரவாயில்லை. விமானம் பிந்தினால் என்ன செய்யிறது எண்டுதான் பயம். திருச்சியில வெளியூர் ஆளுக்கு ஒரு தரம் மட்டும் சுத்திகரிச்சு விடுற இடம் இருக்கோ? முதலே எழுதிவைக்க வேணுமோ? அங்க இருக்கிற ஆராவது தெரிஞ்சால் சொல்லுங்கோ.

*

கோப்பாய்க்காரி எழுதியது:

என்ர மாமியின்ர மகன் திருச்சி உறையூரில இருக்கிறார். தாய்க்கு இதே வருத்தம். இப்ப அங்க இரவு, விடிய எடுத்துக் கேக்கிறன். மாமாவின்ர ரத்த வகை, கடைசி ரத்தப் பரிசோதனைத் துண்டு, எந்தக் கையில ஊசி போடுறவை எண்டது, எல்லாத்தையும் தனிமடலில அனுப்பி வையுங்கோ.